எச்சில் டெஸ்ட்டும் நம்ம கோயில் உபயமும்

கோயில் தொண்டூழியர்களான நாங்கள் ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படிங்க.

இப்போ நம்ம பிள்ளைகள் ஆன்லைனில் டிஎன்ஏ டெஸ்ட் வாங்கிச் செய்கிறார்கள். குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால், நம்ம பூர்வீகம் இத்தனை பெர்சன்ட் இந்த இடம் என்று போனுக்கு வந்துவிடும். ஆசை நியாயமானதுதான். தோட்டத்துக்கு வந்த நம்ம தாத்தா பாட்டியில் ஊர்ப் பேரைக்கூட எழுதி வைக்காமல் போனவர்கள் நிறைய. வேரைத் தேடுவதில் தப்பே இல்லை.

ஆனால் அந்த ரிசல்ட்டை வைத்து, "நாங்கதான் ஆதிகுடி, எங்க ரத்தத்தில் கலப்பே இல்லை, இந்த உபயம் எங்க ஆளுங்களுக்குத்தான்" என்று வாட்சப் குரூப்பில் பேசுவது சரியில்லை.

ஃபேக்டரியில் சாமான் சரியா என்று பார்க்க, ஒரு மாதிரிச் சாமானைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். இந்த டெஸ்ட்டும் அப்படித்தான். கம்பெனி கையில் இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டு ஒரு கணக்கு சொல்கிறது. மாதிரி கூடினால் பெர்சன்ட்டும் மாறும். குலதெய்வம் எது, சொந்த ஊர் எது என்றெல்லாம் அதுக்குத் தெரியாது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற பழமையான மரபணு அடையாளத்தைக் கண்டார். பெருமையான விஷயம். ஆனால் அது அப்பா, அப்பாவுக்கு அப்பா என்று போகும் ஒரே ஒரு வழி. பத்துத் தலைமுறை பின்னால் போனால் நமக்கு 1,024 முன்னோர் இடம் இருக்கிறது. அதில் ஒருவரைப் பற்றித்தான் அது பேசுகிறது. மற்ற 1,023 பேர் யார்?

ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வுக்கூடமும் ஹார்வர்டும் சேர்ந்து 2013ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 4,200 வருஷத்திலிருந்து 1,900 வருஷத்துக்கு முன்பு வரை இந்தியாவில் ஜனங்கள் பெரிய அளவில் கலந்தார்கள் என்று வந்தது. ஒதுங்கி வாழ்ந்த மலைவாசிகளிடமும் அந்தக் கலப்பு உண்டு. தங்களுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் இறுகியது. அப்போ கலப்பில்லாத ரத்தம் எங்கே இருக்கு?

இந்தப் பேச்சு கடைசியில் யாரைச் சுட்டது தெரியுமா? நம்ம கோயிலில் பல வருஷமாகப் பூ கட்டும் ஒரு பாட்டியை. பேரனுக்கு ரிசல்ட்டில் கால்வாசி சீனம் என்று வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் கஷ்டப்பட்ட சீனக் குடும்பங்கள் பெண் குழந்தையைத் தமிழர் வீட்டில் கொடுத்து வளர்த்தது இந்த நாட்டில் தெரிந்த கதைதான். அதுக்காக, "அவங்க குடும்பம் பால்குடத்துக்கு முன்னே நிற்கலாமா" என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று வெள்ளிக்கிழமையாகப் பாட்டி வரவில்லை.

வேடர் வீட்டில் வளர்ந்த வள்ளியை மணந்தவர் நம்ம முருகன். பத்துமலையில் சீனர்களும் காவடி எடுக்கிறார்கள். சாமி எந்த ரிசல்ட்டையும் கேட்டதில்லை.

பிள்ளைகளா, வேர் வேண்டுமென்றால் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பழைய பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, குலதெய்வப் பேர் எல்லாம் இப்பவே எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் எந்த டெஸ்ட்டும் திருப்பித் தராது.

உபயப் பட்டியல் எல்லாருக்கும் பொது. இந்த வாரம் நாங்கள் பாட்டி வீட்டுக்குப் போய்க் கூப்பிடப் போகிறோம். குரூப்பில் பேசியவர்களும் கூட வாங்க.