வடிகட்டியின் விலையை யார் இறுப்பது?

களனி கங்கை கடலோடு கலக்குமிடமாதலின் முகத்துவாரம் எனப் பெயர்பெற்ற எமது பகுதிக்குக் கடற்காற்று வீசாத நாளில்லை. ஆயினும், இங்குருகடைச் சந்தியிலிருந்து துறைமுகம்வரை கொள்கலன் லொறிகள் இயந்திரத்தை ஓடவிட்டபடி முறை பார்த்து நிற்கும் வேளையில், அக்காற்றும் கறுத்தே வீட்டினுள் நுழைகின்றது. கொட்டாஞ்சேனையிலும் புளூமெண்டால் வீதியிலும் வாழ்வோருக்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. டீசற் புகை மாந்தருக்குப் புற்றுநோயை விளைவிப்பதே என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012-ஆம் ஆண்டில் வகைப்படுத்திவிட்டது.

இப்புகைக்குப் பரிகாரம் உண்டு. கரிவடிகட்டி என்பதே அது. தேனடை போன்ற பீங்கான் உருளை. அதன் துளைகள் ஒன்றுவிட்டொன்று முனையில் அடைக்கப்பட்டிருக்கும். புகை சுவரை ஊடுருவி வெளியேற, கரி உள்ளே தங்கும். தங்கிய கரி எரிந்து ஒழிந்தாலன்றி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எரிவதற்கு ஏறத்தாழ 600 பாகை வெப்பம் வேண்டும்; பிளாற்றினம் பூசியவற்றுக்கு அதனிற் குறைந்த வெப்பம் போதும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரையும் லொறிக்கு இது எளிது. முகத்துவாரத்தில் அடிக்கு அடி நகரும் லொறிக்கு அவ்வெப்பம் எங்கிருந்து வரும்? அதனோடு, எண்ணெயிலுள்ள கந்தகம் பிளாற்றினத்தை நஞ்சாக்கிச் செயலிழக்கச் செய்கின்றது.

தோக்கியோவின் கதை இவ்விடத்திற் சொல்லத்தக்கது. 1999-இல் அந்நகர ஆளுநர் இஷிஹாரா கரித்தூள் நிறைந்த போத்தலொன்றைப் பத்திரிகையாளர் முன் குலுக்கிக் காட்டினார். 2003 ஒக்டோபர் முதல், வடிகட்டி பூட்டாத பழைய டீசல் லொறிகள் நகருட் புகுதல் தடுக்கப்பட்டது. லொறிக்காரர் வடிகட்டி வாங்கினர்; பொதுப்பணத்தில் மானியமும் கொடுக்கப்பட்டது. 2004-இல் வெளிவந்தது மோசடி! மிற்சுயி என்னும் பெருங்கம்பனி, சோதனைப் பெறுபேறுகளைப் பொய்யாகப் புனைந்து 20,000-க்கும் மேற்பட்ட வடிகட்டிகளை விற்றிருந்தது. செல்வமும் சட்டமும் நிறைந்த யப்பானிலேயே வடிகட்டியின் தரத்தை விற்பவன் வாய்ச்சொல்லாற் கொண்டால் இதுவே கதியாயின், எமது நாட்டில் என்னாகும்?

அதே யப்பானிலிருந்தே பாவித்த லொறிகள் எமது துறைமுகத்தில் வந்து இறங்குகின்றன. எம்மிடம் ஆலோசனைக்கு வந்த முகத்துவாரத்து லொறி உரிமையாளர் ஒருவர், மனைவியின் நகையை அடகுவைத்து வாங்கிய வண்டியில் வடிகட்டி எச்சரிக்கை விளக்கு மூன்றாம் மாதமே எரியத் தொடங்கியதென்றார். கழுவினார், மீண்டும் அடைத்தது. புதியது வாங்க விலை கேட்டார். அவ்விலை வண்டியின் பல மாத உழைப்பு. ஈற்றில், திருத்துமிடத்திற் சொன்னபடி உள்ளிருந்த பீங்கானைக் குடைந்து எறிந்துவிட்டு வெறும் கூட்டைப் பூட்டி ஓட்டுகின்றார். இவரைக் குற்றவாளி என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. இவரது பிள்ளைகளும் இதே தெருவில்தான் மூச்சுவிடுகின்றனர். கலிபோர்னியாவிற்கூடப் பழைய கனரக லொறியொன்றுக்கு வடிகட்டி பூட்ட 10,000 டொலருக்கு மேற் செலவாயிற்று. அங்குள்ள சிறு உரிமையாளரும் கூக்குரலிட்டனர்.

அரசாங்கத்தின் காவல் யாது? 1998-இல் லலநாத் டி சில்வா என்னும் சட்டத்தரணி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ததன் பின்னரே, 2000-ஆம் ஆண்டில் வாகனப் புகை பற்றிய ஒழுங்குவிதிகள் பிறந்தன. புகைச் சோதனையோ 2008-இலேயே தொடங்கியது. வழக்காடி வாங்கிய உரிமை, எட்டாண்டு கழித்து நடைமுறையாயிற்று! அச்சோதனையும் இயந்திரத்தை முறுக்கிப் புகையின் கறுமையை அளப்பதேயன்றி, வடிகட்டி உள்ளதா இல்லையா என்று காண்பதன்று. பீங்கானைக் குடைந்தெடுத்த வண்டியும் இயந்திரம் சீராயிருப்பின் அதிற் சித்தியெய்தக்கூடும். இக்காரணத்தாலேயே பெல்ஜியம் 2022-இலும், நெதர்லாந்து 2023-இலும் கரித்துகள்களை எண்ணும் கருவிக்கு மாறின.

எண்ணெயின் கதை இன்னும் வெட்கக்கேடானது. சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் 1969-இல் தொழிற்படத் தொடங்கியது. கந்தகத்தைப் பத்து இலட்சத்தில் 10 பங்களவிற்குக் குறைப்பதற்காக அது அமைக்கப்பட்டதன்று. இந்தியா 2020 ஏப்பிரல் முதல் நாடெங்கும் அத்தகைய டீசலையே விற்கின்றது. எமது நாட்டிலோ தூயது விலைகூடிய சுப்பர் டீசலாகவும், ஏழையின் லொறிக்கு ஏற்ற விலையில் மற்றையதுமாக இருவகை! வடிகட்டியைக் கெடுக்கும் எண்ணெயை விற்றவாறு, வடிகட்டி ஏன் கெட்டது என்று சாரதியை வினவுவது எந்த நீதி?

ஆகவே நாம் கேட்பது இது. முதலில் எண்ணெய், அதன்பின் வடிகட்டி. கந்தகம் நீக்கிய டீசல் ஒரே விலையில் எல்லா நிரப்பு நிலையங்களிலும் கிடைக்கட்டும். துறைமுகத்தின் முன் லொறிகள் காத்துநிற்கும் நேரத்தை அதிகார சபை குறைக்கட்டும். இவ்விரண்டும் நிறைவேறிய பின்னர், வடிகட்டியைக் குடைபவனைத் தண்டியுங்கள். நாம் மறுத்துப் பேசமாட்டோம்.

இதற்கிடையில் லொறி உரிமையாளருக்கு ஒரு வார்த்தை. 1896-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கின்றது. வாணிகத் தரமற்ற பொருளை விற்றவன், வாங்கியவனுக்குப் பொறுப்புக் கூறவேண்டிய நிலைமைகளை அது வகுத்துள்ளது. விற்பனைச் சீட்டையும், திருத்துமிடத்துப் பற்றுச்சீட்டுகளையும், கழற்றிய பீங்கானையும் எறிந்துவிடாது பத்திரப்படுத்துங்கள். இவற்றோடு வருவோரின் வழக்கை எடுத்து நடத்த நாம் ஆயத்தமாயுள்ளோம்.