பல்லுக்குப் பகை எது? சூயிங்கமா, சர்க்கரையா?



எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் முன்வரிசை ஜாடிகளில் சூயிங்கமும் பபிள்கமும் இருக்கும். பிள்ளை அதைக் கேட்டு அடம் பிடிக்கும். "அடிக்கடி மென்றால் பல் சொத்தையாகுமாமே, உண்மையா அண்ணாச்சி?" என்று தாய் நம்மிடமே கேட்பார். "அதெல்லாம் ஒன்றும் ஆகாதம்மா" என்று சொல்லி விற்பவரும் உண்டு. "எல்லாமே கெடுதல்தான்" என்று ஒரேயடியாகச் சொல்பவரும் உண்டு. இரண்டும் பாதி உண்மைதான். விற்கும் சரக்கின் குணம் விற்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பல்லை அரிப்பது மெல்லுகிற வேலை அல்ல, சர்க்கரைதான். நம் வாயில் எப்போதும் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் அடுத்த துண்டு வாய்க்குள் போனால் பல்லுக்கு ஓய்வே இல்லை. ஆகவே எவ்வளவு தின்கிறோம் என்பதோடு, எத்தனை தடவை தின்கிறோம் என்பதும் முக்கியம். இந்தக் கணக்கில் நம் உடன்குடிக் கருப்பட்டியும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் தப்ப முடியாது. நம் ஊர்ச் சரக்கு என்பதற்காகக் கிருமிகள் சலுகை காட்டுவதில்லை.

சர்க்கரை இல்லாத சூயிங்கம் வேறு வகை. அதில் சேரும் சைலிட்டால் என்ற இனிப்பைக் கொண்டு கிருமிகளால் அமிலம் உண்டாக்க முடியாது. மெல்லும்போது உமிழ்நீர் பல மடங்கு சுரந்து, இருக்கிற அமிலத்தையும் கழுவிவிடுகிறது. பின்லாந்து நாட்டின் டுர்க்கு நகரில் 1970-களில் நடந்த ஆராய்ச்சிகள்தான் சைலிட்டாலின் பயனை உலகுக்குக் காட்டின. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2007-ஆம் ஆண்டு முதன்முறையாகச் சர்க்கரை இல்லாத சூயிங்கத்துக்குத் தன் முத்திரையை வழங்கியது. சாப்பிட்ட பிறகு 20 நிமிடம் மென்றால் சொத்தையைத் தடுக்க உதவும் என்பது அச்சங்கத்தின் கருத்து. ஆனால் அது பல் துலக்குவதற்கு ஈடாகாது. நாள் முழுதும் மென்றால் தாடை மூட்டு வலிக்கும். சார்பிட்டால் என்ற இனிப்பு அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும்.

நம் பக்கத்திலிருந்து பலர் பிழைக்கப் போன சிங்கப்பூரில் 1992 ஜனவரியில் சூயிங்கம் விற்பனையைத் தடை செய்தார்கள். காரணம் பல் அல்ல. மென்று துப்பியது ரயில் கதவிலும் பொது இடங்களிலும் ஒட்டிக்கொண்டு தொல்லை தந்ததுதான். அதே அரசு 2004-இல், பல் நலத்துக்கு உதவும் சர்க்கரை இல்லாத வகையைப் பல் மருத்துவர், மருந்தாளுநர் வழியாக விற்க அனுமதித்தது. பெயர் ஒன்றானாலும் சரக்கு வேறு என்று பிரித்துப் பார்த்தார்கள். அந்தப் பிரிவினையை நம் கடையிலும் செய்யலாமே!

முதலாவதாக, சில்லறைக்குப் பதில் மிட்டாயும் பபிள்கமும் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். கைபேசியில் பணம் செலுத்தும் முறை வந்தபின் இது குறைந்திருக்கிறது, அடியோடு போய்விடவில்லை. கேட்காத சரக்கைக் கையில் திணிப்பது வியாபாரம் ஆகாது. அதுவும் கடைக்கு வரும் பிள்ளையிடம் தினமும் திணித்தால், சொத்தைக்கு வேண்டிய "அடிக்கடி" என்பதை நாமே உண்டாக்கிக் கொடுக்கிறோம்.

இரண்டாவதாக, உறையில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். சர்க்கரை உள்ளது ஒரு ஜாடி, இல்லாதது ஒரு ஜாடி என்று பிரித்து வையுங்கள். கேட்பவருக்கு உள்ளதைச் சொல்லுங்கள். மிகச் சிறு குழந்தைக்கு எதுவானாலும் வேண்டாம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

"சர்க்கரை இல்லாதது விலை கூடுதல், நம் ஊரில் ஓடாது" என்பீர்கள். நானும் மொத்த வியாபாரிதான். தேங்கிய சரக்கின் வலி எனக்கும் தெரியும். ஒரே ஒரு டப்பா வாங்கி வையுங்கள். அது ஓடாவிட்டாலும், இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று எடுத்துச் சொல்ல உதவும்.

"விற்பது நம் வேலை, தின்பது அவரவர் இஷ்டம்" என்றும் சிலர் வாதிடுவார்கள். பெரியவருக்கு அது பொருந்தலாம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. உப்பளத்தில் வேலை செய்யும் தாயும் கடலுக்குப் போகும் தகப்பனும், பிள்ளைக்குப் பல்வலி என்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பபிள்கத்தில் நமக்குக் கிடைத்த லாபம் சில பைசா. அவர்கள் கூலி குறைந்தால் நம் கடையில் வாங்கும் அரிசியும் பருப்பும்தான் குறையும்.

வாடிக்கையாளர் நம் தராசை நம்புவது போல நம் வார்த்தையையும் நம்புகிறார். அடுத்த முறை ஒரு தாய் கேட்டால், "மெல்வதால் கெடாதம்மா, சர்க்கரையால்தான் கெடும், அடிக்கடி கொடுக்காதீர்கள்" என்று சொல்லுங்கள். ஒரு ரூபாய் விற்பனை போகலாம், வாடிக்கை போகாது.