சாட்டர்னின் உயரம் தெரியும், யானாதிகளின் ஊர் தெரியுமா?

திருத்தணியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளிடம் கேட்டுப் பாருங்கள். நிலவுக்கு மனிதனை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உயரம் சுமார் 111 மீட்டர் என்பார்கள். நம்முடைய எஸ்.எல்.வி.-3 வெறும் 22 மீட்டர், 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது என்பார்கள். அது கிளம்பிய ஸ்ரீஹரிகோட்டா யாருடைய ஊர் என்று கேளுங்கள். "இஸ்ரோவுடையது" என்று பதில் வரும்.

அது யானாதிகளின் ஊர்.

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே உள்ள அந்தத் தீவுக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடிகள் அவர்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் அந்தக் காட்டு விறகு பக்கிங்காம் கால்வாய் வழியே சென்னை அடுப்புகளுக்கு வந்தது. அதில் யானாதிகளின் உழைப்பு இருந்தது. 1969இல் ஏவுதளத்துக்கு அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். கிழக்கே திறந்த கடல், ஆள் நடமாட்டம் குறைவு என்பவை காரணங்கள். அந்தக் குறைந்த ஆட்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. யானாதிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ராக்கெட் பறந்தது. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தபோது, அவர்களுடைய காடு கைமாறி 35 ஆண்டுகள் ஓடிவிட்டன.

ராக்கெட்டின் வரலாறே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. சாட்டர்ன் 5ஐ உருவாக்கிய குழுவின் தலைவர் வெர்னர் வான் பிரவுனை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் ஹிட்லருக்காக அவர் வடிவமைத்த வி-2 ராக்கெட்டை, டோரா வதைமுகாம் கைதிகள் சுரங்கத்துக்குள் அடிமைகளாக இருந்து செய்தார்கள். அந்த முகாமில் மாண்டவர்கள் சுமார் 20,000 பேர். வடிவமைத்தவருக்குப் பெயர் இருக்கிறது. செத்தவர்களுக்கு எண் மட்டும்தான்.

இதைச் சொன்னவுடன், "அறிவியலிலும் சாதியா? நாட்டின் பெருமையைக் கெடுக்கிறீர்களே" என்பார்கள். அறிவியலை எங்களைவிட யார் நேசிப்பது? கல்வியே விடுதலை என்று சொன்ன அண்ணலின் பிள்ளைகள் நாங்கள். புயல் எச்சரிக்கை தரும் செயற்கைக்கோள் குடிசையில் இருப்பவனுக்குத்தான் முதலில் தேவை. 1969 ஜூலை 15, அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், ரால்ஃப் அபர்னாதி ஏழைக் கறுப்பினக் குடும்பங்களோடும் கோவேறு கழுதை வண்டிகளோடும் ஏவுதளத்துக்குப் போனார். ராக்கெட்டைத் தடுக்கப் போகவில்லை. இதைச் செய்ய முடிந்த நாட்டால் பசியைப் போக்க முடியாதா என்று கேட்கப் போனார். அந்தக் குடும்பங்களும் அருகிலிருந்து பார்க்க இடம் கேட்டார், கிடைத்தது. எங்கள் கேள்வியும் அதே வகைதான்.

இந்தக் கேள்வி நம் ஊருக்குத் தூரமானதல்ல. 1960 ஏப்ரல் வரை திருத்தணியே ஆந்திராவில்தான் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் யானாதி, இந்தப் பக்கம் இருளர். நம் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டிருக்கிறார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அந்தச் சட்டத்துக்கு நான்கு ஆண்டு பின்னால் கிளம்பிய எஸ்.எல்.வி. எட்டே நிமிடத்தில் விண்வெளியை எட்டியது. சட்டம் இன்னும் சூளை வாசலை எட்டவில்லை. பொறியியல் கடினம் என்பதாலா? சாதி சுலபமாக இருக்கிறது என்பதால்.

எங்கள் கோரிக்கைகள் எளியவை. ஸ்ரீஹரிகோட்டாவில் பார்வையாளர்கள் கூடும் இடத்தில், இந்த மண் யானாதிகளுடையது என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதி வையுங்கள். பள்ளிப் பாடத்தில் ராக்கெட்டின் எடையோடு அதையும் சேருங்கள். வெளியேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே படிப்பும் பயிற்சியும் நிரந்தர வேலையும் கொடுங்கள்.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை கல்லூரிப் பேருந்தில் ராக்கெட் பார்க்கப் போனால், தலையைத் தூக்குவதற்கு முன் காலடி மண்ணைப் பாருங்கள். அங்கிருக்கும் அதிகாரிகளிடம் யானாதிகள் எங்கே என்று கேளுங்கள்.

ஜெய்பீம்!