பொறுப்பை டெண்டர் விட முடியாது

குப்பை அள்ளுவதை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் மாநகராட்சியின் சுமை இறங்கிவிடும் என்று வாதிடுகிறார்கள். தவறு. வேலையைத்தான் கைமாற்றலாம், பொறுப்பை அல்ல. அரசியலமைப்பின் 12ஆம் அட்டவணை நகராட்சிகளுக்குரியவையாகச் சொல்லும் 18 பணிகளில் திடக்கழிவு மேலாண்மையும் ஒன்று. எந்த ஒப்பந்தமும் அதை அழித்துவிடாது.

சென்னையில் 2000ஆம் ஆண்டிலேயே சில மண்டலங்களின் குப்பை தனியாரிடம் போனது. கால் நூற்றாண்டு கழித்து, 2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் அமர்ந்தார்கள். தனியார்மயம் வேண்டாம், பணி நிரந்தரம் வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. சுமை இறங்கவில்லை, ஏழைத் தொழிலாளியின் தோளுக்கு மாறியது.

வெளியாரோடு சேரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புனே மாநகராட்சி கைகோத்த ‘ஸ்வச்’, குப்பை பொறுக்கியவர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு. வீடுவீடாகக் குப்பை சேகரிக்கும் அவர்களுக்கு வீட்டார் மாதக் கட்டணம் தருகிறார்கள். அங்கே உழைப்பவரே பங்காளி.

ஆகவே, வெளியாரிடம் கொடுக்கலாமா என்பதோடு கேள்வி முடியாது. யாரிடம், எந்த நிபந்தனையில், யார் கண்காணிப்பில் என்றும் கேட்க வேண்டும். ஒப்பந்தமும் ஊதிய விவரமும் ஒவ்வொரு வார்டு அலுவலகச் சுவரிலும் ஒட்டப்படட்டும். பிறகு பேசலாம் சுமையைப் பற்றி.