சமூகப் பொறுப்பு தானமல்ல



பிள்ளை மடுவத்துக்கு வெள்ளையடித்து, மாணவருக்கு நாலு கொப்பி கொடுத்து, அதைப் படம் பிடித்து ஆண்டறிக்கையில் போடுகின்றன கம்பெனிகள். இதற்குச் 'சமூகப் பொறுப்பு' என்று பெயர். கொப்பி வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், விரும்பினால் கொடுப்பது தானம். கேட்டு வாங்கக்கூடியதுதான் பொறுப்பு.

1867இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக்கினார். அந்தக் காலம் தொட்டு, எந்தச் சரிவில் லயம் கட்டுவதென்று தீர்மானித்தது தோட்ட நிர்வாகமே, குடியிருந்தவர்கள் அல்ல. 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குக் கைமாறியபோது, தேயிலையோடு அந்த லயங்களும் கைமாறின.

"வீடு கட்டுவது அரசாங்கத்தின் வேலை" என்கிறார்கள். சரி, அரசாங்கமே கட்டட்டும். எங்கே கட்டுவது? நிலம் அரசினது என்றாலும் குத்தகை கம்பெனியிடம். அதை விடுவிக்காமல் அத்திவாரம் போட முடியாது.

இழுத்தடிப்பின் விலை என்ன? பதுளை மாவட்டம் மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் சனங்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது.

இங்கும் அடைமழைக்குப் பாடசாலை மண்டபத்துக்கு அனுப்புகிறார்கள். வெயில் வந்ததும் அதே லயத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஆகவே நமது கோரிக்கை இரண்டு. அபாய லயங்களின் பட்டியலைத் தமிழில் பெரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். பாதுகாப்பான காணியை எந்தத் திகதிக்குள் விடுவிப்பீர்கள் என்று எழுத்தில் தாருங்கள். கொப்பியைப் பிறகு பார்ப்போம்.