ஆட்டையாம்பட்டித் தறிகள்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு செல்வோர் ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்குவது வழக்கம். கையாற் சுற்றும் முறுக்கும் நெசவுமே அவ்வூருக்குக் கீர்த்தி தந்தவை. முறுக்கின் தரத்தை நாக்கு அறியும். சேலை எத்தறியில் நெய்யப்பட்டதென்பதை வாங்குவோர் அறிவது எளிதன்று.

சில ஜவுளி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் பார்லிமெண்டு சட்டமியற்றிற்று. 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு அதனை ஊர்ஜிதம் செய்தது. ஆயினும் விசைத்தறிச் சேலைகள் கைத்தறியெனவே விலைபோகின்றன. ஏட்டுச் சுரைக்காய் நெசவாளன் கறிக்கு உதவுமா?

விசைத்தறிக் கூடங்களைச் சோதிப்பது சர்க்காரின் கடமை. 2006-ல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குவது நம் கடமை. 1925-ல் ராஜாஜி திருச்செங்கோட்டருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிக் கதர் வளர்த்த சீமையில் இவ்வளவேனும் செய்யலாகாதா, தேசாபிமானிகளே?