வில்வண்டியும் விலையேறிய வண்டியும்

சில வாரங்களுக்கு முன், மாலைப்பொழுதொன்றில், என்னிடம் ஒருகாலத்தில் நன்னூல் படித்த மாணவர் ஒருவர் முல்லைத்தீவிலுள்ள என் இல்லத்துக்கு வந்தார். இப்பொழுது அவர் கட்டட வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்துபவர். இரு பிள்ளைகளின் தந்தை. புதிய கார் ஒன்று வாங்கக் கருதியிருப்பதாகவும், அக்காரையே இரு வகையாக விற்கிறார்கள் எனவும், ஒரு வகையில் தெருவின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தன்னைத் தானே இளக்கியும் இறுக்கியும் கொள்ளும் சஸ்பென்ஷன் உண்டு எனவும், அதற்கு மேலதிக விலை கொடுக்க வேண்டும் எனவும் விரித்துரைத்துவிட்டு, "பண்டிதர் ஐயா, அதையும் சேர்த்து எடுப்பதோ, விடுவதோ?" என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளாகச் சைக்கிளிலே பள்ளிக்கூடம் போய்வரும் ஒருவனிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். யானும் நகைத்தேன். அதற்கு அவர் சொன்ன விடை எனக்குப் பிடித்தது. "விற்பவரைக் கேட்டால் வாங்கு என்பார். கார் வைத்திருக்கிறவரைக் கேட்டால் தம்முடைய காரைப்போல வாங்கு என்பார். கார் இல்லாதவரைக் கேட்பதே நல்லது என்று வந்தேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்காகத்தான் ஐயா" என்றார்.

அவருடைய தந்தையாரை யான் அறிவேன். 2009ஆம் ஆண்டில் முதுகிற் புகுந்த எறிகணைச் சிதறல் ஒன்று இன்னமும் அவர் உடலில் இருக்கிறது. அதை எடுப்பது ஆபத்து என்று மருத்துவர் விட்டுவிட்டனர். மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பரந்தன் வழியாகப் போனால் நூறு கிலோமீற்றரைத் தாண்டும் பயணம். வாகனம் குலுங்குந்தோறும் அம்மனிதர் கண்ணை மூடிக்கொள்வார். வாய் திறந்து ஒன்றும் சொல்லார். ஆகவே, கேள்வியை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சில நாள் தேடிப் படித்தேன். எங்களூர் வாகனத் திருத்துநர் ஒருவரோடு இரு மாலைப்பொழுதுகள் உரையாடினேன். அதன்பின் எய்திய முடிபையே ஈண்டு எழுதுகிறேன்.

முதலிற் சொல்லை நோக்குவோம். சஸ்பென்ஷன் என்பதற்குத் 'தொங்கல்' என்று அகராதி பார்த்து மொழிபெயர்ப்பாரும் உளர். கேட்டால் சிரிப்பு வரும். ஆனாலும் அதில் ஒரு வரலாறு இருக்கிறது. ஐரோப்பாவின் பழைய குதிரை வண்டிகளில், ஆட்கள் அமரும் பெட்டியைத் தோல்வார்களிலே தொங்கவிட்டிருந்தார்கள். பின்னர் இரும்பு வில் வந்தபோதும் பெயர் மாறவில்லை. நம்மவரோ தொங்குவதை விட்டுத் தாங்குவதைக் கண்டு பெயரிட்டனர், 'வில்வண்டி' என்றனர். என் பாட்டனார் காலத்தில், பாரவண்டி உள்ள வீடு பல. வில்வண்டி உள்ள வீடு ஊருக்கு ஒன்றோ இரண்டோ. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் கொண்டுபோக அந்த வண்டியைத்தான் இரவல் கேட்பார்கள்.

வில் மாத்திரம் இருந்தால் வண்டி ஊஞ்சலாகிவிடும். ஒரு பள்ளத்தில் விழுந்த கார் அடுத்த சந்திவரை ஆடிக்கொண்டே போகும். அவ்வாட்டத்தை அடக்குவதற்கே சொக் அப்சோபர் என்னும் குழாய் சில்லுக்கு ஒன்றாக இருக்கிறது. அதனுள்ளே எண்ணெய், எண்ணெயினூடே மேலுங்கீழும் செல்லும் ஓர் ஆடுதண்டு, அதன் தலையிற் சிறு துளைகள். துளை வழியே எண்ணெய் நெருக்குண்டு செல்லும்போது ஆட்டத்தின் விசை வெப்பமாகிக் கழிந்துவிடும். துளை பெரிதானால் ஓட்டம் மெத்தென்றிருக்கும்; ஆனால் வளைவில் வண்டி சாயும். துளை சிறிதானால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் முதுகு நோகும். சாதாரணக் காரில் இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அளவைத் தொழிற்சாலையிலேயே நிறுவிவிடுகிறார்கள். தானே மாறும் வகையில், உணர்கருவிகள் அசைவை அளந்து சொல்ல, ஒரு கணினி அத்துளையைக் கணந்தோறும் திறந்தும் ஒடுக்கியும் கொள்கிறது. இரும்புத்துகள் கலந்த எண்ணெயைக் காந்தத்தாற் கெட்டியாக்கும் வகையும் உண்டு. 2002இல் கடிலாக் கார் ஒன்றில் அது முதன்முதலாக வந்தது.

எண்ணம் புதியதன்று. பிரான்ஸ் நாட்டுச் சித்ரோஎன் கம்பனி, 1955இல் எண்ணெயும் வாயுவும் தாங்கும் காரொன்றைப் பாரிசிற் காட்டி உலகை வியப்பித்தது. ரொயோட்டா 1983இல் மின்னணுவால் மாறும் சொக் அப்சோபரைச் சோரர் என்னும் காரிற் பூட்டிற்று. எனக்கு இவையெல்லாவற்றிலும் மேலாகத் தோன்றுவது, 1948இல் அதே சித்ரோஎன் கம்பனி வெளியிட்ட ஏழைக் கமக்காரனின் கார். உழுத வயலிலே ஒரு கூடை முட்டையைக் கொண்டுபோனாலும் ஒன்றும் உடையக்கூடாது என்பதே அதனைச் செய்தோர்க்கு இடப்பட்ட கட்டளை என்பர். அதில் கணினி ஏது? நீண்ட மெல்லிய வில்லும் உயர்ந்த ரயரும் அக்காரியத்தைச் செய்தன.

நிற்க. எங்கள் தெருக்களுக்கு வருவோம். ஏ9 வீதி இன்று வழுவழுப்பானது. அங்கே எந்தக் காரும் நன்றாகவே ஓடும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை ஊடாக வரும் வீதியும் பெரும்பாலும் குறைசொல்லத் தக்கதன்று. இடர் தொடங்குவது உள்வீதிகளிலே. கிறவல் கொட்டிய தெரு, மாரி முடிந்ததும் சலவைப்பலகை போலாகும். தார் பெயர்ந்த இடங்களிற் குழியின் விளிம்பு கத்திபோல் நிற்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடும் கார், அரை மீற்றர் அகலக் குழியைக் கடக்கும் நேரம் ஒரு செக்கனில் நூற்றில் மூன்று பங்கு. அதற்குள்ளே கணினி துளையை மாற்றிவிடும் என்பது மெய்யே. ஆனால் விளிம்பின் முதலடியை வாங்குவது சொக் அப்சோபர் அன்று, ரயர். ரயரின் பக்கச்சுவர் உயர்ந்திருந்தால் அடி அங்கேயே பாதி அடங்கும். தாழ்ந்திருந்தால் நேரே முதுகுக்கு வரும்.

இங்கேதான் வாங்குவோர் ஏமாறும் இடம் இருக்கிறது. இந்த விலையேறிய சஸ்பென்ஷனைப் பெரும்பாலும் தனியே தரமாட்டார்கள். அதனோடு 19 அங்குலச் சில்லும், அதைச் சுற்றி நாடாவைப்போல மெல்லிய ரயரும் வரும். பார்வைக்கு அழகுதான். ஆனால் ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறிப்பது இது. 16 அங்குலச் சில்லும் தடித்த ரயரும் உள்ள சாதாரண வகை, நம் கிறவல் தெருவில் அதனினும் மெத்தென்று செல்லக்கூடும். மாணவர் கொண்டுவந்த வண்ணத்தாளை மீண்டும் விரித்துப் பார்த்தோம். அவ்வாறே இருந்தது.

இரண்டாவது, திருத்தம். 1990களிற் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தோர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெற்றோல் அற்றுப்போன அக்காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் சிறிதளவு பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. முறிந்த வில்லுத்தகட்டைக் கொல்லன் அடித்துக் கொடுத்தான். ஊரவன் கைக்கு அடங்கிய பொறியாயிருந்தமையாலேதான் அக்கார்கள் பிழைத்தன. கணினி மாற்றும் சொக் அப்சோபர் எண்ணெய் கசிந்தால் அதைத் திறந்து திருத்த இங்கே எவரும் இல்லை. கொழும்புக்கு அனுப்பவேண்டும், கடல்கடந்து புதியது வரவேண்டும். கடல்கடந்து வருவது நம் கையிலா இருக்கிறது? 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் உதிரிப்பாகங்கள் பொன்விலை விற்றன. மேலும், காரின் விலையில் ஏறும் ஒவ்வொரு ரூபாவின்மீதும் வரியும் கூடவே ஏறும்.

புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு ஓர் உவமை காட்டுகிறார். உப்பு வணிகர் ஏற்றத்திலும் இறக்கத்திலும் என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் கீழே கட்டிச்சென்ற சேமவச்சே அவ்வுவமை. வண்டிக்கு மேலதிகமாக எதையேனும் சேர்ப்பதானால் எதைச் சேர்ப்பது என்பதில் அவ்வணிகர்க்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. இன்றைய புதுக் கார் பலவற்றில் உபரிச் சில்லுகூட இல்லை. ஒட்டும் பசைப்போத்தல் ஒன்றைத் தந்துவிடுகிறார்கள். புதுக்குடியிருப்புக்கு அப்பால் நள்ளிரவில் ரயர் கிழிந்து நிற்பவனுக்கு அப்போத்தல் என்ன செய்யும்? சேர்க்க வேண்டுமானால் அந்த உபரிச் சில்லைச் சேர்க்கச் சொன்னேன். இருளில் வீதியிற் படுத்திருக்கும் மாடுகளை முன்னரே காட்டும் நல்ல விளக்கையும் சொன்னேன்.

இவ்வளவும் சொல்லிய பின்னரும் தந்தையாரின் முதுகு என் நினைவைவிட்டு அகலவில்லை. உடல் நலிந்தோர்க்கு அரைப்பங்கு நோவு குறைவதும் பெரிது. பணமுள்ளவன் தகப்பனுக்காகச் செலவிடுவதை வீண்செலவு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வேறொன்றும் உறுத்திற்று. காருள்ளவன் குழியை உணராதபடி தன் வண்டியைச் செய்துகொண்டால், குழியைப்பற்றிப் பிரதேச சபைக்கு முறைப்பாடு எழுதுவோரில் ஒருவர் குறைவார். அதே குழியில் பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் நோயாளரோடு விழுந்தெழும்பிக்கொண்டேயிருக்கும். வட்டுவாகலில் நந்திக்கடலைக் கடக்கும் அந்த ஒடுங்கிய பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் அமைக்கும் வேலை 2025 செப்டெம்பரிலேதான் தொடக்கி வைக்கப்பட்டது. அதற்குமுன் எத்தனை ஆண்டுகள் எத்தனை பேர் கேட்டார்கள்! கேட்டவர்கள் பெரும்பாலும் அப்பாலத்திற் குலுங்கியவர்களே.

ஆதலால் மாணவருக்கு ஒன்று சொன்னேன். தாளைப் பார்த்துத் தீர்மானியாதே. இரு வகைக் காரையும் ஒருநாள் இரவல் எடு. தகப்பனாரைப் பின்னிருக்கையில் அமர்த்தி, எங்களூர்க் கிறவல் தெருவிலும் பரந்தன் வீதியிலும் ஓட்டிப் பார். நோவு அவருடையது, தீர்ப்பும் அவருடையதாகட்டும் என்றேன்.

சென்ற வாரம் வந்து நடந்ததைச் சொன்னார். பெரிய வீதியில் விலையேறிய காரே மேல் என்று பெரியவர் ஒப்புக்கொண்டாராம். கிறவல் தெருவில் அதே காரில் இரண்டு தரம் கண்ணை மூடினாராம். மற்றதில் ஒரு தரம். வீடு வந்து இறங்கியதும், "தம்பி, ரெண்டும் காணும். ஆனா நீ இண்டைக்கு ஓடின மாதிரி மெதுவா ஒருநாளும் ஓடினதில்லை" என்றாராம். மாணவர் சிறிய சில்லுள்ள சாதாரண வகைக்கே முற்பணம் கட்டியிருக்கிறார். உபரிச் சில்லுக்குத் தனியே பணம் கேட்கிறார்களாம். அதைப்பற்றி இன்னும் பேரம் நடக்கிறது.